எங்க மக படிக்கிறது வெறும் கார்ட்டூன் இல்லீங்க

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. எஸ்.பி.எம். எழுதி முடிச்ச பிள்ளைங்க இருக்கிற வீடுகள்ல உட்கார்ந்து சேர்ந்து படிச்சாலும் நல்லது.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானம் பரிமாறிக்கிட்டு இருந்தோம். சாம்பார் வாளியோட வரிசையில போகும்போது ஒரு அக்கா கேட்டாங்க. "உங்க மக கே.எல். பக்கம் கார்ட்டூன் படிக்குதாமே? அதுக்கெல்லாமா யூனிவர்சிட்டி இருக்கு?" பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சுட்டு அடுத்த இலைக்குப் போயிட்டோம்.

அந்த அக்கா மேல எங்களுக்கு வருத்தமே இல்ல. அவங்க கேட்டது ஒரு கேள்விதான். பெத்தவங்க நாங்க ரெண்டு பேரும் அதே பிள்ளைய அதைவிட மோசமா பேசியிருக்கோம். அதனாலதான் இதை எழுதுறோம்.

எங்களைப் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972ல ஆரம்பிச்சது. நம்ம வட்டாரத்துல எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் சோறு போட்டுச்சு, எங்களுக்கும் அப்படித்தான். எஸ்.பி.எம். சான்றிதழோட ஆப்பரேட்டரா உள்ள போனோம், இன்னைக்கு சூப்பர்வைசர். முப்பது வருஷத்துக்கு மேல ஷிஃப்டு, ஓ.டி. எல்லாம் பார்த்தாச்சு. லைன்ல நம்மைவிட இருபது வயசு சின்னவங்க இன்ஜினியரா வந்து நிப்பாங்க. அவங்க கழுத்துல தொங்குற அட்டையைப் பார்க்கும்போதெல்லாம், நம்ம மகளும் ஒரு நாள் இப்படி வரணும்னு நினைச்சதுண்டு. தப்பான ஆசை இல்ல. ஆனா அது எங்க ஆசை. பிள்ளைகிட்ட கேட்டு வச்ச ஆசை இல்ல.

சின்ன வயசுலயே அவ வரைவா. கோயில் தூண், நந்தி, தேர்ச்சக்கரம், சமையல் கட்டுல பாத்திரம் கழுவுற அம்மாமார் எல்லாமே அவ நோட்டுல இருக்கும். 2017 நவம்பர் 4ஆம் தேதி இராத்திரி பினாங்கை அடிச்ச மழை யாருக்கும் மறந்திருக்காது. எங்க வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. மறுநாள் எல்லாத்தையும் வாரி வெளியே போட்டோம். கீழ் அலமாரியில இருந்த அவளோட பதினாலு நோட்டும் கூழாப் போச்சு. அழுதா. "நல்லதாப் போச்சு, இனிமேலாச்சும் பாடத்தைப் படி"ன்னு சொன்னோம். பதின்மூணு வயசுப் பிள்ளைகிட்ட. இப்போ எழுதும்போது கூசுது.

2022ல எஸ்.பி.எம். முடிவு வந்தது. கணக்கு, இயற்பியல் எல்லாமே நல்ல மார்க். சொந்தக்காரங்க போன் பண்ணி வாழ்த்துனாங்க. அன்னைக்கு இராத்திரிதான் சொன்னா, "ப்பா, அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் படிக்கப் போறேன்."

"பொம்மைப் படம் போட்டா எவன் சோறு போடுவான்?" இதுதான் நாங்க கேட்ட முதல் கேள்வி. அடுத்து சொன்னதையெல்லாம் இங்க எழுத முடியாது. அவ பதில் பேசல. அறைக்குள்ள போயிட்டா.

அப்புறம் நாங்க செஞ்சது அதைவிடப் பெரிய தப்பு. "சரி, அவ ஆசைப்படியே இருக்கட்டும்"னு அரை மனசா, எதையும் விசாரிக்காம, ஒரு கண்காட்சியில ஸ்டால் போட்டிருந்த ஒரு தனியார் கல்லூரியில 800 வெள்ளி கட்டிப் பதிஞ்சோம். பேர் வேண்டாம். பளபளன்னு புத்தகம், லேப்டாப் இலவசம்னு சொன்னாங்க. பி.டி.பி.டி.என். கடனுக்கு விசாரிக்கப் போனப்பதான் தெரிஞ்சது, அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. அங்கீகாரப் பட்டியல்ல இல்ல. கட்டின பணம் திரும்பி வரல. தொழிற்சாலையில ஒரு சின்ன உதிரிபாகம் வந்தாக்கூட சான்று பார்த்து, எண் பார்த்து, கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள விடுறோம். பெத்த பிள்ளையோட படிப்புக்கு அந்தச் சான்றைப் பார்க்கல. ஏன்னா அதை ஒரு படிப்பாவே நாங்க நினைக்கல. அதுதான் உண்மை.

அதுக்கப்புறம் சில மாசம் வீட்டுல சத்தமே இல்ல. அவ ஒரு பேரங்காடியில காசாளரா வேலைக்குப் போனா. ராத்திரி வந்து வரைவா. அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குக் கோயில்ல பிள்ளைங்க புத்தகம், பேனா, வயலின், மிருதங்கம்னு கொண்டாந்து வச்சாங்க. இவ சம்பளத்துல வாங்கின டிஜிட்டல் வரைபலகையையும் அதோட பேனாவையும் துணியில சுத்திக் கொண்டாந்தா. கோயில் நடுவுல இதை வைக்கலாமான்னு எங்களுக்குத் தயக்கம். குருக்கள் வாங்கி, சந்தனம் குங்குமம் வச்சு, புத்தகங்களுக்கு மேலேயே வச்சுட்டார். "கையில எது இருக்கோ அதுதான் ஏடு, விடுங்க"ன்னார். அவர் அதோட மறந்திருப்பார். எங்களுக்கு மறக்கல.

அடுத்த வருஷம் முறையா விசாரிச்சு, சைபர்ஜெயாவுல உள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகத்துல அடிப்படைக் கல்வியில சேர்த்தோம். இப்போ பட்டப் படிப்புல இருக்கா. அந்த வளாகம் 1999ல திறந்தது. அங்க படைப்பாக்க மல்டிமீடியாவுக்குன்னே ஒரு புலம் இருக்கு. நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே குளுகோர்ல இருக்கிற யூ.எஸ்.எம்.லயும் கலைத்துறை இருக்கு. ஆக அக்கா, அதுக்கும் யூனிவர்சிட்டி இருக்கு.

என்னதான் சொல்லிக் கொடுக்குறாங்கன்னு கேட்பீங்க. நாங்களும் கேட்டோம். முதல்ல ஒரு பந்து. ஒரே ஒரு பந்து கீழே விழுந்து எழும்பணும். அதை வாரக்கணக்கா செஞ்சா. "இதுக்கா இவ்வளவு பணம்"னு வீட்டம்மா முணுமுணுத்தாங்க. அப்புறம் அவ உட்கார வச்சு விளக்குனா. ரப்பர் பந்து, இரும்புக் குண்டு, தண்ணி நிரப்புன பலூன், மூணுமே வட்டம்தான். வரைஞ்சா ஒண்ணு போலத்தான் இருக்கும். விழுந்து எழும்புறதுலதான் எது எதுன்னு தெரியும். கனம்ங்கிறது படத்துல இல்ல, அசைவுல இருக்கு. டிஸ்னியில காலமெல்லாம் வேலை செஞ்ச பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன்னு ரெண்டு பெரியவங்க இப்படிப்பட்ட பன்னிரண்டு விதிகளைத் தொகுத்து 1981ல புத்தகமாப் போட்டாங்களாம். உலகம் முழுக்க மாணவர்களுக்கு இன்னைக்கும் அதுதான் அரிச்சுவடி.

சினிமாவுல ஒரு விநாடிக்கு 24 படம். கணினியில செஞ்சாலும் அந்த 24ஐயும் கணக்கு வச்சுத்தான் செய்யணும். அதுல ஒருத்தர் கதையைக் கட்டம் கட்டமா வரைவாங்க. ஒருத்தர் உருவத்தைச் செய்வாங்க. ஒருத்தர் அந்த உருவத்துக்குள்ள எலும்பும் மூட்டும் வைப்பாங்க, அதுக்கு ரிக்கிங்னு பேர். ஒருத்தர் அசைப்பாங்க. ஒருத்தர் வெளிச்சம் போடுவாங்க. கடைசியில ஒருத்தர் எல்லாத்தையும் ஒண்ணா இணைப்பாங்க. இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்துருச்சு. இது நம்ம லைன்தானே! முன்னாடி நிக்கிறவன் சரியா அனுப்பலைன்னா பின்னாடி நிக்கிறவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அங்கேயும் ரீஜெக்ட் உண்டு, ரீவொர்க் உண்டு, கெடு தேதி உண்டு. பொம்மைப் படம்னு நினைச்சோம், அது ஒரு தொழிற்சாலை.

கோயில் அன்பர்களுக்கு இன்னொரு மாதிரி சொல்லலாம். உற்சவருக்கு அலங்காரம் திரைக்குள்ள மூணு மணி நேரம் நடக்குது. பூ கட்டுறவங்க, பட்டு மடிக்கிறவங்க, சந்தனம் அரைக்கிறவங்கன்னு எத்தனை கை. திரை விலகினதும் நாம பார்க்கிறது அம்மாளை மட்டும்தான், அந்தக் கைகளை இல்ல. அவங்க வேலையும் அப்படித்தான்.

இனி நடந்த ஒண்ணைச் சொல்றோம். போன ஆடி மாசம் லீவுல வந்திருந்தா. கடைசி வெள்ளிக்குச் சமையல் கட்டுல பெரிய வேலை. அரிசி மூட்டை தூக்கிப் போகும்போது போன்ல படம் எடுத்தா. "ப்பா, மறுபடி தூக்குங்க. இந்தப் பக்கமிருந்து." மூணு தடவை தூக்க வச்சுட்டா. சுத்தி இருந்த தம்பிமார், "அண்ணன் நடிகர் ஆயிட்டார்"னு கேலி பண்ணாங்க. யூனிவர்சிட்டி வேலைக்குன்னு சொன்னா, விட்டுட்டோம்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து காட்டுனா. 12 விநாடி. 288 படம். மூணு வாரம் ராத்திரி கண் முழிச்சு செஞ்சதாம். முகமே இல்லாத ஒரு சாம்பல் நிற பொம்மை. கண்ணில்ல, மூக்கில்ல, மீசையில்ல. குனியுது, மூட்டையைப் பிடிக்குது, ஒரு மூச்சு இழுத்துக்குது, தோளுக்கு ஏத்துது, நடக்குது. வீட்டம்மா பார்த்த உடனே, "ஐயோ, இது நீங்க"ன்னாங்க.

எப்படித் தெரிஞ்சதுன்னா, நடையில. அந்த பொம்மை இடது காலை முழுசா ஊனல. ஒவ்வொரு அடியிலயும் சட்டுன்னு வலது காலுக்கு மாத்திக்குது. திரும்பும்போது சுவத்துல ஒரு கையை வைக்குது.

இடது முட்டி வலி நமக்கு மூணு வருஷமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. வீட்டுல சொன்னா கோயில் வேலையை நிறுத்தச் சொல்வாங்க. தொழிற்சாலையில சொன்னா எப்படி எடுத்துக்குவாங்களோன்னு பயம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போதுகூட பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏறினது. கூடவே படுத்து எழுந்திருக்கிற மனுஷிக்குத் தெரியாததை அந்தப் பிள்ளை பார்த்திருக்கா. 24ஆ வெட்டிப் பார்த்திருக்கா. லேப்டாப்பை மூடிட்டு மெதுவாக் கேட்டா. "ப்பா, எவ்வளவு நாளா வலிக்குது?"

பதில் சொல்ல வரல. மறுநாள் காலையில அவளே கிளினிக்குக்குக் கூட்டிப் போனா. குருத்தெலும்பு தேஞ்சிருக்குன்னாங்க. இப்போ பயிற்சி, மருந்து நடக்குது. இந்த வருஷம் மூட்டை தூக்குற வேலையைத் தம்பிமார்கிட்ட விட்டுட்டு சாம்பார் வாளியோட நிக்கிறதுக்குக் காரணம் அதுதான். பல பேர் கேட்டீங்க, சொல்லாம மழுப்பினோம். இப்போ சொல்லியாச்சு.

பதின்மூணு வயசுல அவ நோட்டுல இருந்ததும் இதுதான். பாத்திரம் கழுவுற அம்மாமாரோட முதுகு வளைவு, தேர் இழுக்கிறவங்க கால் ஊனுறது. நாங்க அதைக் கிறுக்கல்னு நினைச்சோம். அவ மனுஷங்களைப் பார்க்கப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கா.

"இதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு ஒத்து வருமா"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். இந்த நாட்டோட முதல் அனிமேஷன் குறும்படம் சருகுமான் கதை, 'ஹிகாயத் சாங் கஞ்சில்'. அதைச் செஞ்சவர் ஃபிலிம் நெகாரா மலேசியாவுல வேலை பார்த்த ஆனந்தம் சேவியர், மலேசிய இந்தியர். 1978லேயே முடிச்சுட்டார், மக்கள் பார்த்தது 1983ல. அஞ்சு வருஷம் அந்தப் படம் காத்துக் கிடந்திருக்கு. இது எங்களுக்கும் மக சொல்லித்தான் தெரியும். நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இவர் பேரைக் கேட்டிருப்பாங்களா?

அதுக்கப்புறம் 2007ல 'உப்பின் இப்பின்' வந்தது, 2009ல அதே கூட்டம் நாட்டோட முதல் முப்பரிமாண அனிமேஷன் திரைப்படமான 'கெங்' எடுத்துச்சு. அதுல முக்கியமா உழைச்ச நிஸாம், சஃப்வான், உசாமா மூணு பேரும் மல்டிமீடியா பல்கலைக்கழகத்துல படிச்சவங்க. நிஸாம் பின்னாடி தனியாப் போய் 2011ல 'போபோய்போய்' கொண்டாந்தார். 'ஏஜென் அலி'க்குப் பின்னால உசாமா இருக்கார். நம்ம வீட்டுப் பிள்ளைங்க சோறு சாப்பிட இதையெல்லாம் போட்டுத்தானே விடுறோம்? அதைச் செய்றவங்க எங்கேயோ படிச்சிருக்கணும் இல்லையா?

சாமியைப் பொம்மைப் படமாக்கலாமான்னும் சிலர் கேட்கிறாங்க. ஜப்பான்காரர் யூகோ சாகோவும் நம்ம இந்தியாவோட ராம் மோகனும் சேர்ந்து 1990களோட தொடக்கத்துல இராமாயணத்தை அனிமேஷனா எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி இராமரைக் கார்ட்டூன் ஆக்குறதான்னு இந்தியாவுல எதிர்ப்பு கிளம்புச்சு. படத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், எவ்வளவு பயபக்தியோட வரைஞ்சிருக்காங்கன்னு. கருவி எதுவானாலும் கை எப்படின்னுதான் பார்க்கணும்.

நல்லதை மட்டும் சொன்னா அது பொய் சொன்ன மாதிரி. இந்தத் தொழில்ல கஷ்டம் நிறைய. 'லைஃப் ஆஃப் பை' படம் ஞாபகம் இருக்கா? பாண்டிச்சேரிப் பையனும் புலியும் ஒரே படகுல. அந்தப் புலி பெரும்பாலும் கணினியில செஞ்சது. செஞ்சது ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனி, மலேசியாவுலயும் அவங்களுக்குக் கிளை இருந்துச்சு. 2013 பிப்ரவரியில அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் கிடைச்சது. அதே பிப்ரவரியில, விருதுக்குச் சில நாள் முன்னாடி, அந்தக் கம்பெனி திவால் மனு போட்டுருச்சு. விருது வாங்கினவர் மேடையில கம்பெனியோட நிலைமையைப் பேச ஆரம்பிச்சதும் இசையைப் போட்டுப் பேச்சை நிறுத்திட்டாங்க. வெளியே இதே தொழில் செய்றவங்க நின்னு போராடிக்கிட்டு இருந்தாங்க.

இதை மககிட்ட சொன்னோம். அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. "ப்பா, உங்க தொழிற்சாலையில ஆள் குறைக்கலையா?"ன்னு கேட்டா. குறைச்சிருக்காங்க. ரெண்டு தடவை. பட்டியல் வந்த அன்னைக்கு ராத்திரி தூங்காம உட்கார்ந்திருந்த வீடுதான் எங்களது. எந்தத் தொழில்லயும் உத்தரவாதம் இல்ல, இஷ்டப்பட்ட தொழில்ல கஷ்டத்தைத் தாங்குற தெம்பு கொஞ்சம் கூடுதலா இருக்கும். அவ்வளவுதான் எங்களால சொல்ல முடியும்.

கடைசியா, பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டா பெத்தவங்க செய்ய வேண்டியது, நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி எம்.கியூ.ஏ. இணையப் பட்டியல்ல அந்தப் படிப்போட பேரையும் அந்த வளாகத்தையும் தேடிப் பாருங்க. கல்லூரிக்குப் பேர் இருந்தா மட்டும் பத்தாது, படிப்பு இருக்கணும்.

2. பி.டி.பி.டி.என். கடன் அந்தப் படிப்புக்கு உண்டான்னு கல்லூரி ஆள் வாய்ச்சொல்லை நம்பாம நேரா கேளுங்க.

3. ஈ.பி.எஃப்.ல பிள்ளைங்க மேற்படிப்புக்குன்னு பணம் எடுக்க வழி இருக்கு. நாங்க எடுத்தோம். கடைசிக் காலத்துப் பணம், யோசிச்சு எடுங்க.

4. நல்ல கணினி வேணும். அது சின்னச் செலவு இல்ல, முதல் நாளே கணக்குல சேர்த்துக்குங்க.

5. பிள்ளை வரைஞ்ச நோட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. சேர்க்கைக்குப் போகும்போது அதைத்தான் கேட்பாங்க. மேல் அலமாரியில வைங்க, நம்ம பக்கம் தண்ணி ஏறும்.

6. வேணாம்னு சொல்றதா இருந்தாலும், சொல்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து அது என்ன செய்யுதுன்னு பாருங்க. இதுக்குக் காசு செலவில்ல. நாங்க அஞ்சு வருஷம் செய்யாம விட்டது இதைத்தான்.

மக அடுத்த மாசம் லீவுல வர்றா. வர்ற முதல் சனிக்கிழமை சாயந்திரம், தேவாரம் வகுப்பு முடிஞ்சதும் கோயில் மண்டபத்துல உட்கார்ந்திருப்பா. வரையிற பிள்ளைங்க நோட்டோட வரலாம். கட்டணம் எதுவும் இல்ல. அந்த சாம்பார் வரிசை அக்காவும் பேத்தியைக் கூட்டிட்டு வரணும். அது நல்லா வரையும்னு கேள்விப்பட்டோம்.

தப்பா எதுவும் எழுதியிருந்தா பெரியவங்க மன்னிக்கணும். வெள்ளிக்கிழமை பூஜையில சந்திப்போம். அம்மா எல்லாப் பிள்ளைங்களுக்கும் துணை இருக்கட்டும் 🙏